சென்சார் ரீடிங்க எவ்ளோ நம்பலாம்? கேள்வி பதில்

கேள்விகள் நிறைய வந்திருக்கு, ஒரே மாதிரி இருந்தத எல்லாம் சேர்த்துட்டேன். யாராவது விட்டுப்போயிருந்தா திரும்ப கேளுங்க.

கேள்வி: அண்ணா, ஹால்ல பிஐஆர் சென்சார் வச்சு லைட்டும் ஃபேனும் ஆட்டோமேட் பண்ணேன். அப்பா டிவி பாத்துட்டு இருக்கும்போதே எல்லாம் ஆஃப் ஆயிடுது, வீட்ல ஒரே திட்டு. வேற சென்சார் வாங்கணுமா?

பதில்: சென்சார் மேல தப்பு இல்ல தம்பி. ஆள் இருக்காரா இல்லையான்னு பிஐஆர் பாக்கறதே இல்ல, உடம்பு சூடு லென்ஸோட ஒரு பட்டையில இருந்து அடுத்த பட்டைக்கு நகருதான்னு மட்டும்தான் பாக்குது. அப்பா அசையல, அது சும்மா இருந்துச்சு. "அசைவு தெரியல"ங்கறத "ஆள் இல்ல"ன்னு மாத்தினது உங்க ப்ரோக்ராம்தான்.

கணக்கா பாத்துடலாம், நம்பர் எல்லாம் நான் உத்தேசமா போடுறேன், உங்க வீட்டுக்கு ஏத்த மாதிரி மாத்திக்கோங்க. ராத்திரி 8 மணிக்கு ஹால்ல ஆள் இருக்க வாய்ப்பு 70%னு வைங்க. ஆள் இருந்தும் அஞ்சு நிமிஷம் பிஐஆர் சும்மா இருக்க 40% வாய்ப்பு, ஆளே இல்லன்னா 98%. இப்போ 0.7 x 0.4 = 0.28, அந்தப் பக்கம் 0.3 x 0.98 = 0.294. அதாவது அஞ்சு நிமிஷம் பிஐஆர் சும்மா இருந்தாலும் ஆள் இருக்க வாய்ப்பு 70ல இருந்து 49%க்குதான் இறங்குது, கிட்டத்தட்ட காசு சுண்டிப் போடுற நிலைமை, இத நம்பியா ஃபேன ஆஃப் பண்றது? இதோட டிவி ஆன்ல இருக்குங்கற தகவல சேருங்க. ஆள் இருந்தா டிவி ஓட 60%, இல்லாதப்போ மறந்துபோய் ஓட 5%னு வச்சா 92%க்கு ஏறிடுது. வீட்ட ஆட்டோமேட் பண்ற ஹோம் அசிஸ்டன்ட் சாஃப்ட்வேர் யூஸ் பண்றீங்கன்னா பேய்ஸியன் சென்சார்னு உள்ளயே இருக்கு, இதே கணக்குதான். ஆனா ஒண்ணு, ரெண்டு தகவலும் ஒண்ணையொண்ணு சாராம இருந்தாதான் இப்படி பெருக்கலாம். டிவி பாக்குற ஆள்தானே ரொம்ப அசையாம இருப்பாரு, அதனால 92ங்கறது கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும். பரவால்ல, லைட்டுக்கு அது போதும்.

எம்எம்வேவ் ரேடார் வாங்கலாம், மூச்சு விடுற அசைவு வரைக்கும் பிடிக்கும். ஆனா அது ஆடுற திரையையும் சுத்துற ஃபேனையும் ஆளுன்னு சொல்லும், அப்புறம் லைட்டே அணையலன்னு வந்து கேப்பீங்க.

கேள்வி: சார், தண்ணி டேங்க்ல டிஎஸ்18பி20 வெப்பநிலை சென்சார் போட்டிருக்கேன். திடீர்னு 85 டிகிரி காட்டுது, அடுத்த ரீடிங் 30. ஆவரேஜ் எடுத்தா சரியாயிடுமா?

பதில்: ஆகாது. அந்த 85 வெப்பநிலையே இல்ல, பவர் வந்ததும் அந்த சிப் ரெஜிஸ்டர்ல இருக்குற ஆரம்ப மதிப்பு. 12 பிட் ரீடிங் எடுக்க அதுக்கு 750 மில்லிசெகண்ட் வரைக்கும் ஆகும், நீங்க அதுக்குள்ள படிச்சிருக்கலாம், இல்லன்னா நடுவுல பவர் விட்டு வந்திருக்கும். ஒன்பது 30க்கு நடுவுல ஒரு 85 வந்தா ஆவரேஜ் 35.5 ஆயிடும், பாக்க நம்பற மாதிரி வேற இருக்கும், அதான் ஆபத்து. மீடியன் (வரிசைப்படுத்தினா நடுவுல வர்ற ரீடிங்) எடுங்க, இல்லன்னா சட்டுனு 50 டிகிரி தாவுற ரீடிங்க எடுத்து ஓரமா வைங்க. -127 வந்தா வயர் கழண்டிருக்கு.

கேள்வி: ஒரே ரூம்ல ரெண்டு டிஎச்டி11 வெப்பநிலை சென்சார், ஒண்ணு 29 டிகிரி, ஒண்ணு 32. எது சரி?

பதில்: ரெண்டுமே சரியா இருக்கலாம். அதோட டேட்டாஷீட்லயே ±2 டிகிரின்னு போட்டிருக்கு, நிஜம் 30.5ஆ இருந்தா ரெண்டும் சொன்ன வாக்க காப்பாத்துது. சென்சார ஓட்டுற ஈஎஸ்பி32 கன்ட்ரோலர் போர்டுக்கு ஒட்டி வச்சிருந்தா தள்ளி வைங்க, அது சூடு கிளப்பும்.

கேள்வி: அக்கம்பக்கத்துல எதுவும் எரிக்கல, ஆனா விடியக்காலைல என் பிஎம்2.5 (காத்துல இருக்குற நுண்துகள்) மீட்டர் எகிறுது. நிஜமாவே காத்து மோசமா?

பதில்: கொஞ்சம் நிஜம், கொஞ்சம் ஈரம். இந்த மலிவு லேசர் மீட்டர் எல்லாம் துகள்ல பட்டு சிதறுற வெளிச்சத்த வச்சுதான் கணக்கு போடுது. ஈரப்பதம் ஏறினா துகள் தண்ணிய உறிஞ்சி ஊதிடும், மீட்டர் அதிகமா காட்டும். அமெரிக்காவோட சுற்றுச்சூழல் அமைப்பு இபிஏ, பர்பிள்ஏர்ங்கற மலிவு மீட்டருக்கு ஒரு திருத்தம் போட்டாங்க, அதுல ஈரப்பதமும் ஒரு உள்ளீடு. அந்த ஃபார்முலாவ அப்படியே தூக்கிட்டு வந்து இங்க போடாதீங்க, அது அங்க இருக்குற துகளுக்கும் காத்துக்கும் போட்டது. பக்கத்துல அரசு மானிட்டர் இருந்தா அதோட கொஞ்ச நாள் ஒப்பிட்டு சொந்தமா திருத்தம் போடுங்க. முக்கியமா பிஎம் ரீடிங் கூடவே ஈரப்பதத்தையும் சேமிச்சு வைங்க, இல்லன்னா பின்னாடி திருத்தவே முடியாது.

கேள்வி: நான் சோபால இருக்கேன், போன் "வீட்ட விட்டு கிளம்பிட்டாரு"ன்னு ஏசிய ஆஃப் பண்ணுது ப்ரோ.

பதில்: ஆண்ட்ராய்டுல லொக்கேஷன் கூட மீட்டர் கணக்குல ஒரு அக்யூரசி வரும், அது 68% நம்பிக்கைக்கான ஆரம்தான், அதாவது மூணுல ஒரு தடவ நீங்க அந்த வட்டத்துக்கு வெளியவே இருக்கலாம். அக்யூரசி 60 மீட்டர்னு வந்தா வீட்ட சுத்தி நீங்க போட்ட 50 மீட்டர் எல்லைக்கு அந்த ரீடிங் எதுக்கும் உதவாது, ஒதுக்கிடுங்க. உள்ள வர 80 மீட்டர், வெளிய போக 200 மீட்டர்னு ரெண்டு எல்லை வைங்க.

கேள்வி: ஒண்ணுக்கு மூணு சென்சார் வச்சு மெஜாரிட்டி எடுத்தா முடிஞ்சுதே, எதுக்கு இவ்ளோ கணக்கு?

பதில்: நல்ல கேள்வி. ஒண்ண மட்டும் நம்பினா என்ன ஆகும்னு 737 மேக்ஸ்ல பாத்தோம், விமானத்துல ஆங்கிள் ஆஃப் அட்டாக் (காத்துக்கு இறக்கை எவ்ளோ சாய்வா இருக்குங்கற கோணம்) சென்சார் ரெண்டு இருந்தும், மூக்க தானா கீழ இறக்குற எம்கேஸ் சாஃப்ட்வேர் ஒண்ணோட பேச்ச மட்டும்தான் கேட்டுச்சு. 2018 அக்டோபர்ல லயன் ஏர், 2019 மார்ச்ல எத்தியோப்பியன், மொத்தம் 346 உயிர். ஆனா எண்ணிக்கைய கூட்டினா மட்டும் போதாது. 2009ல அட்லாண்டிக்ல விழுந்த ஏர் ஃப்ரான்ஸ் 447ல வேகம் அளக்க பிட்டோ குழாய் ஒண்ணுக்கு மேலயே இருந்துச்சு, எல்லாம் ஒரே வானத்துல பறக்குறப்போ ஒரே ஐஸ் எல்லாத்தையும் அடைக்கும். உங்க மூணு சென்சாரும் ஒரே பேட்ச், ஒரே பவர் சப்ளை, ஒரே ஜன்னலோரம்னா மூணும் சேர்ந்தே பொய் சொல்லும், மெஜாரிட்டியும் அதுக்கே ஓட்டு போடும். வேற வேற வகை சென்சாரா எடுங்க. மூணும் ஒத்துப்போகலன்னா "தெரியல"ன்னு ஒரு நிலை உங்க சிஸ்டத்துல இருக்கணும், அப்போ என்ன செய்யணும்னும் முன்னாடியே எழுதி வச்சிருக்கணும். லைட்டுன்னா எரியட்டும். மோட்டார்னா நிறுத்துங்க.

கேள்வி: பேட்டரி செத்து மூணு நாளாச்சு, ஸ்க்ரீன்ல இன்னும் 27 டிகிரின்னே நிக்குது.

பதில்: ஒவ்வொரு ரீடிங்குக்கும் அளந்த நேரத்த ஒட்டுங்க, சர்வர்க்கு வந்து சேர்ந்த நேரத்த இல்ல. அப்புறம் ஆயுசு வைங்க, ரூம் வெப்பநிலைக்கு 15 நிமிஷம், கதவு சென்சார்னா அது திறந்தா மூடினாதான் பேசும், அதனால மணிக்கொரு தடவ "உயிரோட இருக்கேன்"னு சொல்ல வைங்க. ஆயுசு தாண்டினா எண்ணையே மறைச்சிடுங்க.

கேள்வி: கடைசியா ஒண்ணு, தப்பான ரீடிங்க டேட்டாபேஸ்ல இருந்து அழிச்சிடலாமா?

பதில்: அழிக்காதீங்க. வந்தத வந்தபடியே வச்சுட்டு, பக்கத்துல தனியா ஒரு கட்டத்துல "சந்தேகம்"னு காரணத்தோட போடுங்க. எந்த சென்சார் அடிக்கடி உளறுதுன்னு அத வச்சுதான் கண்டுபிடிக்க முடியும்.