நடந்தால் நெஞ்சு படபடக்கிறது, வாக்கிங்கை நிறுத்திவிடலாமா?

கோவை வாசகருக்கு,

படபடப்பு, வாக்கிங், மாத்திரை என்று நிறையக் கேட்டிருக்கிறீர்கள். அவற்றுக்கு வருமுன், நீங்கள் கேள்வியாகக் கேட்காமல் நடுவில் எழுதிவிட்டுப் போன ஒரு வரி: “சில நாள் தூங்கி எழாமலே போயிட்டா நிம்மதின்னு தோணுது.” நெஞ்சுப் படபடப்பைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறீர்கள், இதற்கு ஒரே ஒரு வரி. உங்கள் கடிதத்தில் உடனே கவனிக்க வேண்டியது இந்த வரிதான்.

ஆறு மாதமாகப் பதற்றமும் தூக்கக் கேடும் இருந்தால் மனச்சோர்வு வந்து சேர்ந்துகொள்வது சாதாரணம். அப்போது இப்படி ஓர் எண்ணம் பலருக்கும் வருகிறது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் இந்த எண்ணம் வந்துவிட்ட பிறகு, தினமும் நடந்தால் சரியாகிவிடும் என்று சொல்லி உங்களை அனுப்ப மாட்டேன். இந்த வாரத்துக்குள் மனநல மருத்துவரைப் பாருங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, சீட்டுப் போட்டுக்கொண்டு நேராகப் போகலாம். அதுவரை பேச ஆள் வேண்டுமென்றால் 14416, டெலி மானஸ். இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம்.

மனைவியிடம் சொன்னால் பயந்துவிடுவார் என்று எழுதியிருக்கிறீர்கள். இன்று இரவே சொல்லுங்கள். பெரிய விளக்கம் எதுவும் வேண்டாம். “எனக்கு இப்படி ஒரு எண்ணம் வந்து வந்து போகுது, டாக்டரைப் பார்க்கணும், கூட வா” என்றால் போதும். வீட்டில் இருக்கும் மாத்திரைகளை எல்லாம் அவரிடமே கொடுத்து வையுங்கள். வெறும் எண்ணமாக இருப்பது ‘எப்படி’, ‘எப்போது’ என்று யோசிக்கும் அளவுக்குப் போனால் வாரக் கடைசி வரை காத்திருக்கக் கூடாது. நடுராத்திரியாக இருந்தாலும் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விட வேண்டும். நெஞ்சுவலிக்குப் போவதைப் போலத்தான் இதுவும். யாரும் உங்களைத் திருப்பி அனுப்பக் கூடாது.

இனி இதயம். டிரெட்மில்லில் நடக்கவைத்து இதயத்தைப் பார்க்கும் டி.எம்.டி. பரிசோதனை அறிக்கையில் ‘நெகட்டிவ்’ என்று இருப்பதைப் பார்த்து, டாக்டர் எதையோ மறைக்கிறார் என்று நினைத்திருக்கிறீர்கள். நெகட்டிவ் என்றால் இதயத்துக்கு ரத்தம் போவதில் குறை ஏதும் தெரியவில்லை என்று அர்த்தம். நல்ல செய்திதான். அந்தப் பரிசோதனையில் மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை வேகத்தையும் சரிவையும் கூட்டுவார்கள். உங்கள் வயது 42. 220-இல் அதைக் கழித்தால் 178, உங்கள் இதயம் போகக்கூடிய உச்சத் துடிப்பு ஏறக்குறைய அதுதான். அதில் 85 சதவீதம், அதாவது 151 வரை ஏற்றிப் பார்ப்பதுதான் வழக்கம். இ.சி.ஜி. ஒயர்களை மாட்டி, பக்கத்தில் ஆள் நின்று, அந்த வேகத்தில் உங்கள் இதயம் தாங்குகிறதா என்று பார்த்தாகிவிட்டது. தாங்கியது. அதற்குப் பிறகு ஸ்மார்ட் வாட்ச்சில் 138 என்று பார்த்துவிட்டு நடுவழியில் பிளாட்பாரத்தில் உட்காருகிறீர்கள். மிதமான உடற்பயிற்சி என்றால் உங்கள் வயதில் 114 முதல் 135 வரை துடிக்கும். ஏற்றத்தில் விறுவிறுவென்று நடந்தால் 138 வருவதில் ஆச்சரியமே இல்லை. போதாக்குறைக்கு, கையில் கட்டும் வாட்ச் சில சமயம் கைவீச்சின் தாளத்தையே நாடித்துடிப்பு என்று கணக்குப் போட்டுவிடும்.

நான் கவலைப்படும் நெஞ்சுவலி வேறு மாதிரி இருக்கும். நடக்க நடக்க மார்பின் நடுவில் அழுத்தமோ இறுக்கமோ ஏறும், நின்றால் சில நிமிடத்தில் இறங்கும். அப்படி வந்தாலோ, நடக்கும்போது நினைவு தப்பி விழுந்தாலோ, பழைய அறிக்கையைக் காட்டிச் சமாதானம் சொல்லிக்கொள்ளாமல் இதய மருத்துவரிடம் போங்கள். ஓய்வெடுத்தும் விடாமல், வியர்வையோடு வலித்தால் 108-ஐக் கூப்பிடுங்கள். உங்களுக்கு வருவது இதற்கு நேர்மாறு. டிவி பார்க்கும்போது வருகிறது, படுத்தால் வருகிறது, மூன்று மாடி ஏறினால் மூச்சு வாங்குவதைத் தவிர ஒன்றும் இல்லை. இது பதற்றத் தாக்குதல்.

அப்படியானால் நடக்கும்போது ஏன் பயம் வருகிறது? பதற்றத்திலும் இதயம் துடிக்கும், வியர்க்கும், மூச்சு வாங்கும். நடந்தாலும் அதேதான். ஆறு மாதமாக இந்த அறிகுறிகளை ஆபத்தின் அறிகுறிகளாகவே மூளை படித்துவிட்டது. துடிப்பு ஏறியதும் நீங்கள் உட்காருகிறீர்கள், ஐந்து நிமிடத்தில் அடங்குகிறது. ‘உட்கார்ந்ததால்தான் பிழைத்தோம்’ என்று மூளை குறித்துக்கொள்கிறது. அடுத்த நாள் பயம் இன்னும் சீக்கிரம் வருகிறது. நீங்கள் வாக்கிங்கை நிறுத்தினால் நோய் வளரும், இதயத்துக்கு ஒரு நன்மையும் இல்லை.

உடற்பயிற்சியால் மன இறுக்கம் குறையும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். தசைகளின் இறுக்கம் தளர்கிறது, தூக்கம் ஆழமாகிறது, ஓய்வு நேரத் துடிப்பு மெல்லக் குறைகிறது. இவை எல்லோருக்கும் பொது. உங்களைப் போன்றவர்களுக்கு இதற்கு மேல் ஒரு பலன் உண்டு. நெஞ்சு படபடத்தாலும் ஒன்றும் ஆகவில்லை, அது தானாகவே அடங்கியது என்று உடம்புக்கு தினமும் ஒரு பாடம் நடக்கிறது. ஜெர்மனியில் பதற்றத் தாக்குதல் நோயாளிகளைப் பத்து வாரம் ஓடவைத்து, மருந்தோடும் போலி மாத்திரையோடும் ஒப்பிட்டு 1998-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஓடியவர்களுக்குப் போலி மாத்திரையைவிடத் தெளிவாகக் குணம் தெரிந்தது. மருந்து அதைவிட வேகமாகவும் கூடுதலாகவும் வேலை செய்தது. ஆகவே நடை வேண்டும், ஆனால் மருந்து தேவைப்படும் இடத்தில் நடை மட்டும் போதாது. உங்களுக்குத் தேவைப்படலாம் என்றுதான் நினைக்கிறேன். மனநல மருத்துவர் எழுதும் மருந்து பலன் காட்ட இரண்டு முதல் நான்கு வாரமோ, சிலருக்கு இன்னும் கூடவோ ஆகும். முதல் வாரம் கொஞ்சம் பரபரப்பு கூடினால் நீங்களாக நிறுத்திவிடாமல் அவரிடம் சொல்லுங்கள்.

நடக்கும் முறைக்கு வருகிறேன். முதல் இரண்டு வாரம் தினமும் 15 நிமிடம் போதும். நான்கு நிமிடம் சாதாரண நடை, ஏழு நிமிடம் விறுவிறு நடை, கடைசி நான்கு நிமிடம் மறுபடி மெதுவாக. விறுவிறு நடை என்றால் பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுவே உங்கள் அளவுகோல், வாட்ச் வீட்டிலேயே இருக்கட்டும். மூன்றாம் வாரத்தில் 25 நிமிடம். ஐந்தாம் வாரத்திலிருந்து அரை மணி நேரம், வாரத்துக்கு ஐந்து நாள். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வாரம் 150 நிமிடம் இதிலேயே வந்துவிடும். இரண்டு நாள் நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, ஒவ்வொன்றும் பத்துப் பத்தாக இரண்டு சுற்று.

நடுவில் படபடப்பு வரும், வரத்தான் செய்யும். வேகத்தைக் குறையுங்கள், நிற்காதீர்கள். கழுத்தில் விரல் வைத்து நாடி பார்க்காதீர்கள். மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக விட்டுக்கொண்டே நடங்கள். பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய் இறங்கத் தொடங்கும். இறங்கிய பிறகு இன்னும் இரண்டு நிமிடம் நடந்துவிட்டு வீட்டுக்குத் திரும்புங்கள். இந்த இரண்டு நிமிடத்தை விட்டுவிடாதீர்கள், பயத்தோடு திரும்பினால் அன்றைய பாடம் பயமாகவே பதியும்.

மருத்துவமனை இருக்கும் தெருவிலேயே சுற்றி வருவதாகவும், சட்டைப் பையில், இதய நோயாளிகள் நெஞ்சுவலிக்கு நாக்கின் கீழ் வைக்கும் சார்பிட்ரேட் மாத்திரை இருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அந்த மாத்திரையை யாரும் உங்களுக்கு எழுதித் தரவில்லை. அதைப் போட்டால் ரத்த அழுத்தம் இறங்கும், தலை சுற்றும், இதயம் இன்னும் வேகமாக அடிக்கும். நீங்கள் எதற்குப் பயப்படுகிறீர்களோ அதையே அது உண்டாக்கும். இன்றே பையிலிருந்து எடுத்துவிடுங்கள். மருத்துவமனைத் தெருவையும் மூன்றாம் வாரத்திலிருந்து மாற்றுங்கள். மனைவி முதல் இரண்டு வாரம் கூட வரலாம், பிறகு தனியாகப் போய்ப் பழகுங்கள். இல்லாவிட்டால் ‘அவள் இருந்ததால்தான் ஒன்றும் ஆகவில்லை’ என்ற எண்ணம் ஒட்டிக்கொள்ளும்.

இன்னொரு தவறு, வேகமாக நடந்துவிட்டு டக்கென்று நிற்பது. நடக்கும்போது கெண்டைக்கால் தசைகள் ரத்தத்தை மேலே தள்ளுகின்றன. திடீரென்று நின்றால் ரத்தம் காலில் தங்கித் தலை கிறுகிறுக்கும், நீங்கள் அதை மாரடைப்பின் தொடக்கம் என்று நினைப்பீர்கள். அதற்காகத்தான் கடைசி நான்கு நிமிடம் மெதுவாக நடக்கச் சொன்னேன். நடப்பதற்கு முன் ஸ்ட்ராங் காபியும் வேண்டாம். நாள் ஒன்றுக்கு ஐந்து ஃபில்டர் காபி குடித்துவிட்டு நெஞ்சு ஏன் அடிக்கிறது என்று கேட்கிறீர்கள். இரண்டாகக் குறையுங்கள், ஒரே நாளில் அல்ல, வாரத்துக்கு ஒன்றாக. மொத்தமாக விட்டால் தலைவலி வரும்.

அடுத்தது அல்பிரசோலம், பதற்றத்தை அடக்கித் தூக்கம் தரும் மாத்திரை. இதைக் கோபமில்லாமல் எழுத முடியவில்லை. அலுவலக நண்பரின் சீட்டைக் காட்டி வாங்கி, இரண்டு மாதமாக இரவில் அரை மில்லிகிராம், வாக்கிங் போகுமுன் இன்னொரு பாதி. சீட்டில் இருக்கும் நோயாளியின் பெயரையும் எழுதிய மருத்துவரின் பெயரையும் பதிவேட்டில் குறித்துத்தான் விற்க வேண்டும் என்று கட்டுப்பாடு வைத்திருக்கும் மருந்து அது. காலை ஐந்து மணிக்கு நெஞ்சு அடித்து எழுகிறீர்களே, இரவு போட்ட மாத்திரையின் வேகம் அந்த நேரத்தில் இறங்குவதும் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். நடக்குமுன் போடும் பாதி மாத்திரை பாடத்தையே கெடுக்கிறது, படபடப்பு அடங்கிய பெருமை மாத்திரைக்குப் போய்விடுகிறது. இதைப் படித்ததும் ஒரேயடியாக நிறுத்திவிடாதீர்கள். தினமும் போட்ட இந்த மருந்தைத் திடீரென்று விட்டால் பதற்றம் பல மடங்காகத் திரும்பும், வலிப்புகூட வரலாம். மருத்துவர் வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பார். அதுவரை நீங்களாகக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். மது அறவே கூடாது, இரண்டும் சேர்ந்தால் மூச்சையே அடக்கும்.

மற்றவை சின்ன விஷயங்கள். பதற்றத்தில் விரல் நுனியும் உதடும் மரத்துப்போவது வேகவேகமாக மூச்சு விடுவதால், பக்கவாதம் இல்லை. ஏப்பம் காற்றை விழுங்குவதால். எட்டு போட்டு நடப்பது பிடித்திருந்தால் நடங்கள், ஆனால் திரும்பித் திரும்பி நடப்பதில் வேகம் ஏறாது, நேர்ச் சாலையே மேல். காலையா மாலையா என்றால், எப்போது தவறாமல் போக முடியுமோ அப்போது. மெக்னீசியம் மாத்திரை வேண்டாம். அசுவகந்தா தைராய்டு அளவை மாற்றக்கூடும், அரிதாகக் கல்லீரலையும் பாதிக்கும், தூக்க மாத்திரையோடு சேர்ந்தால் மந்தம் கூடும். அதை நிறுத்துங்கள். ஜிம்மில் சரிந்து விழுந்தவர்களின் வீடியோக்களை இரவு பதினொரு மணிக்குப் பார்க்கும் பழக்கத்தையும் நிறுத்துங்கள். விழுந்தவருக்கு முன்பே என்ன நோய் இருந்தது என்பது அந்த அரை நிமிட வீடியோவில் இருக்காது. அதைப் பார்த்துவிட்டுப் படுத்தால் உங்களுக்குத் தூக்கம் வராது.

மனநல மருத்துவரைப் பார்க்கப் போகும்போது டி.எம்.டி., எக்கோ, தைராய்டு அறிக்கைகளோடு அல்பிரசோலம் அட்டையையும் எடுத்துக்கொண்டு போங்கள். எத்தனை நாளாக, எவ்வளவு போட்டீர்கள் என்பதைக் குறைக்காமல் சொல்லுங்கள். எழாமலே போய்விடலாம் என்று தோன்றிய அந்த வரியை, எனக்கு எழுதியபடியே அவரிடமும் சொல்லுங்கள், கேட்கட்டும் என்று காத்திருக்காமல் உட்கார்ந்ததும் முதலில்.