ஊழியத்துக்குச் சென்ற நண்பன் ஏன் பதில் போடுவதில்லை?

கேள்வி: நாங்கள் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் லீஹை நகரில் வசிக்கிறோம். என் மகனின் நெருங்கிய நண்பனான பக்கத்து வீட்டுப் பையன், மார்மன் சபையின் மிஷனரியாக இரண்டு ஆண்டுகளுக்குப் பிலிப்பைன்ஸ் நாட்டின் செபு தீவுக்குச் சென்றிருக்கிறான். வாட்ஸ்அப்பில் என் மகன் அனுப்பும் செய்திகளுக்குப் பதில் வருவதேயில்லை. அந்தப் பையனின் ஒரு வாரம் எப்படித்தான் கழிகிறது? எப்போது எழுதினால் பதில் கிடைக்கும்? பிறந்தநாளுக்கு ஏதாவது அனுப்பலாமா?

பதில்: நண்பன் மறந்துவிட்டான் என்று தங்கள் மகன் எண்ண வேண்டியதில்லை. மார்மன் சபை என்று வெளியார் அழைக்கும் 'பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை'யில் ஊழியத்துக்குச் செல்லும் இளைஞருக்கு, வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் சொந்த வேலைகளுக்கென்று ஒதுக்கப்பட்டுள்ளது. 'ஆயத்த நாள்' எனப்படும் அது பெரும்பாலான இடங்களில் திங்கட்கிழமையாகவே இருக்கிறது. நண்பர்களின் மடல்களைப் படிப்பதும் பதில் எழுதுவதும் அன்றுதான் என்பதால், செவ்வாய்க்கிழமை அனுப்பிய செய்தி ஒரு வாரம் கேட்பாரற்றுக் கிடப்பது அங்கே இயல்பு. தவிர, அவன் ஊரில் பயன்படுத்திய எண் இப்போது செயலில் இல்லாமலும் இருக்கலாம். சபை அவனுக்கென்று கொடுத்திருக்கும் மின்னஞ்சல் முகவரியை அவனுடைய தாயாரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஆயத்த நாள் எது என்பதையும் கூடவே உறுதி செய்துகொள்ளுங்கள்.

நேர வித்தியாசத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். செபு யூட்டாவைவிடக் குளிர்காலத்தில் 15 மணி நேரமும், அமெரிக்காவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைக்கும் மாதங்களில் 14 மணி நேரமும் முந்தியிருக்கிறது. எனவே அங்கே திங்கள் காலை 9 மணி என்பது உங்கள் வீட்டில் ஞாயிறு மாலை 6 அல்லது 7 மணி. மடல் ஞாயிறு பிற்பகலுக்குள் போய்ச் சேர்ந்துவிட்டால் அவன் அதைக் காலையிலேயே படித்துவிடுவான். அதே ஞாயிறு மாலைதான் பக்கத்து வீட்டார் கூடத்தில் அமர்ந்து அவனோடு காணொளியில் பேசும் நேரமாகவும் இருக்கக்கூடும். 2019 பிப்ரவரி வரை கிறிஸ்துமஸ், அன்னையர் தினம் ஆகிய இரண்டு நாட்களில் மட்டுமே வீட்டாருடன் தொலைபேசியில் பேச அனுமதி இருந்தது. அதன் பிறகே வாரந்தோறும் பேசலாம் என்று விதி தளர்த்தப்பட்டது. இந்தத் தளர்வு குடும்பத்தாருக்கானது. நண்பர்கள் மின்னஞ்சலோடு நிறுத்திக்கொள்வதே முறை என்பது என் கருத்து.

அந்தத் திங்கட்கிழமையும் ஓய்வு நாள் என்று சொல்லத்தக்கதல்ல. சலவை இயந்திரம் இல்லாத வாடகை வீடுகளே அங்கு அதிகம் என்பதால், ஒரு வாரம் ஜீப்னி எனப்படும் உள்ளூர்ப் பயணிகள் வண்டியின் புகையிலும் வேர்வையிலும் ஊறிய வெள்ளைச் சட்டைகளை பிளாஸ்டிக் தொட்டியில் நனைத்து, கழுத்துப்பட்டையைத் தூரிகையால் தேய்த்து, மழை வருவதற்குள் காயப் போட்டாக வேண்டும். பிறகு சந்தைக்குப் போய் வாரத்துக்கான அரிசியும் காய்கறியும் வாங்குதல், முடி வெட்டிக்கொள்ளுதல், வீட்டைக் கூட்டித் துடைத்தல், ஊழியப் பகுதியின் தலைவருக்கு வாராந்தரக் கடிதம் எழுதுதல் எனப் பொழுது ஓடிவிடும். நேரம் எஞ்சினால் உள்ளூர்ப் பையன்களோடு கூடைப்பந்து ஆடலாம். ஆனால் நாற்புறமும் கடல் சூழ்ந்த அந்தத் தீவில் இருந்துகொண்டே இரண்டு ஆண்டுகளும் நீந்தக் கூடாது. மிஷனரிகளுக்கு நீச்சல் விலக்கப்பட்டிருக்கிறது. மாலை 6 மணிக்கு ஆயத்த நாள் முடிந்து, பெயர்ப் பட்டையைக் குத்திக்கொண்டு மீண்டும் ஊழியத்துக்குக் கிளம்பிவிட வேண்டும். இவ்வளவுக்கும் நடுவே எழுதப்படும் பதில் ஐந்து வரிகளில் முடிந்தால் அதைக் குறையாக எடுத்துக்கொள்ளலாகாது.

மற்ற நாட்களில் பொதுவாகக் காலை 6.30 மணிக்கு எழுந்து, உடற்பயிற்சியும் சிற்றுண்டியும் முடித்து, வேதப் படிப்புக்கும் உள்ளூர் மொழியான செபுவானோவில் பயிற்சிக்கும் நேரம் ஒதுக்கிவிட்டு வெளியே கிளம்புகிறார்கள். இரவு 9 மணியளவில் வீடு திரும்பி, மறுநாள் யாரைச் சந்திப்பது என்று திட்டமிட்டுவிட்டு 10.30 மணிக்கு விளக்கை அணைத்துவிட வேண்டும். 2017 முதல் இந்த நேரங்களை ஊருக்கு ஏற்றவாறு சற்று மாற்றிக்கொள்ள இடமளிக்கப்பட்டுள்ளது. வாரத்தில் ஒருநாள் அருகிலுள்ள மிஷனரிகள் கூடிப் பேசும் கூட்டமும், சில மணி நேரப் பொதுத் தொண்டும் உண்டு. ஞாயிறன்று இரண்டு மணி நேர ஆராதனை. மாதத்தின் முதல் ஞாயிறு பொதுவாக உபவாச நாள்.

இவற்றையெல்லாம்விட அவனுடைய வாழ்க்கையை அதிகம் மாற்றியிருப்பது, தனிமை என்பதே இல்லாமற்போனதுதான் என்று நான் கருதுகிறேன். மிஷனரிகள் எப்போதும் இருவராகவே இருக்க வேண்டும்; ஒருவர் மற்றவரின் கண்ணுக்கும் காதுக்கும் எட்டும் தொலைவிலேயே இருக்க வேண்டும். அந்த இணையை அவன் தேர்ந்தெடுப்பதில்லை. நேற்றுவரை முகம் அறியாத ஒரு பிலிப்பினோ இளைஞனாகவும் இருக்கலாம். ஆறு வாரத்துக்கு ஒருமுறை இடமாற்றப் பட்டியல் வரும்போது இணையோ ஊரோ இரண்டுமோ மாறக்கூடும். ஆகையால் தங்கள் மகன் எழுதும்போது, வெளியே சொல்ல முடியாத மனக்குறைகளைக் கிளறும் கேள்விகளைத் தவிர்த்து, கல்லூரிச் செய்திகளையும் தெருவில் நடந்த வேடிக்கைகளையும் எழுதுவதே நல்லது.

அந்த இடமாற்றத்தின் காரணமாகவே, பொதியை அவன் தங்கியிருக்கும் வீட்டுக்கு அனுப்பாமல் ஊழியத் தலைமை அலுவலகத்தின் முகவரிக்கு அனுப்ப வேண்டும். சுங்கச் சோதனையும் தாமதமும் ஏற்படலாம் என்பதால் பிறந்தநாளுக்கு நெடுநாள் முன்பே அனுப்பிவிடுங்கள். தேயிலையும் காப்பியும் அச்சபையில் விலக்கப்பட்டவை. நம் வீட்டுப் பழக்கத்தில் காப்பித்தூளை வைத்துவிடாதீர்கள். முறுக்கு, கடலை மிட்டாய் போன்ற உலர்ந்த தின்பண்டங்கள் தாங்கும். எண்ணெய் மிதக்கும் ஊறுகாய் வேண்டாம். பணமாக அனுப்பத் தேவையில்லை. அமெரிக்காவிலிருந்து செல்பவரின் குடும்பம், 2020 ஜூலையில் உயர்த்தப்பட்ட கணக்கின்படி, மகன் எந்த நாட்டில் இருந்தாலும் மாதம் 500 டாலரைச் சபையின் பொது நிதிக்குச் செலுத்துகிறது. அதிலிருந்தே அவனுடைய வாடகையும் உணவுச் செலவும் பார்த்துக்கொள்ளப்படுகின்றன. மிஷனரிக்குச் சம்பளம் கிடையாது.

இன்னும் ஒன்று. அவன் மடல்களில் தன் விசுவாசத்தைப் பற்றி எழுதுவான். சபைக்கு ஒருமுறை வந்து பார் என்று தங்கள் மகனை அழைக்கவும் கூடும். விருப்பமில்லையெனில், நன்றி சொல்லி வேண்டாம் என்று ஒரே வரியில் தெளிவாக எழுதிவிடலாம். அத்தகைய பதில்களை நாள்தோறும் கேட்டுப் பழகியவன் அவன், நட்பு முறியாது. விடுமுறையில் செபுவுக்கே போய் நேரில் பார்த்துவிடலாம் என்று மகன் கேட்டால் மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஊழியக் காலத்தில் உறவினரோ நண்பரோ வந்து சந்திப்பதைச் சபை ஏற்பதில்லை. வாசலில் வந்து நிற்கும் நண்பனை என்ன செய்வதென்று அந்தப் பையன்தான் திண்டாடுவான்.