இடைநிலைத் தோட்டா என்றால் என்ன? வேட்டைக்கு அது போதுமா?

கைத்துப்பாக்கித் தோட்டாவுக்கும் முழு ஆற்றல் ரைஃபிள் தோட்டாவுக்கும் நடுவில் நிற்பதே இடைநிலைத் தோட்டா. 7.62×39 நல்ல உதாரணம். 7.62 என்பது துப்பாக்கிக் குழலின் பெயரளவு விட்டம், 39 என்பது வெடிமருந்தை அடைக்கும் உலோக உறையின் நீளம், இரண்டும் மில்லிமீட்டரில். உறை சிறிதானால் உள்ளே வெடிமருந்து குறையும், தோளில் உதைப்பும் குறையும். அரைக்குடத்தைத் தூக்குவது எளிது, தண்ணீரும் பாதிதான். சுமார் 8 கிராம் குண்டு நொடிக்கு ஏறத்தாழ 720 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது. விரியும் முனையுள்ள குண்டு என்றால், 150 மீட்டருக்குள் சிறு மானுக்கு இது போதும். அதைத் தாண்டினால் சுடாமல் விடுவதே அந்த விலங்குக்குச் செய்யும் நியாயம்.

பெயரில் 7.62 இருப்பதால் 7.62×51 என்ற முழு ஆற்றல் ரைஃபிள் தோட்டாவின் குண்டையே இதிலும் நிரப்பலாம் என்று வீட்டில் தோட்டா நிரப்புவோர் பலர் நம்புகிறார்கள். அது தவறு: அதன் குண்டு 7.82 மி.மீ. விட்டம், இதற்கோ பெரும்பாலும் 7.9.