ஒரே வயது, வேறு இனம்: பெண்களின் முகத்தில் முதுமை ஏன் வேறுவேறாகத் தெரிகிறது?

கறுப்பின, ஆசிய, வெள்ளையினப் பெண்களுக்கு ஒரே வயதில் சருமம் ஏன் வேறுபடுகிறது என்பது கேள்வி. முக்கியக் காரணம் மெலனின் என்ற தோல் நிறமி.

நிறமிச் செல்களின் எண்ணிக்கை எல்லோருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். வேறுபடுவது அவை உருவாக்கும் மெலனின் துகள்கள். கருஞ்சருமத்தில் அவை பெரியவை, தனித்தனியே பரவி நிற்பவை; வெண்சருமத்தில் சிறியவை, கொத்தாக இருந்து சீக்கிரம் சிதைந்துவிடும். கறுப்பினத்தவரின் மேல்தோல் இயல்பாகவே எஸ்.பி.எஃப். (வெயில் தடுப்புத் திறனின் அளவு) 13 அளவுக்கு வெயிலைத் தடுக்கிறது. வெள்ளையினத்தவருக்கு அது சுமார் 3 மட்டுமே. அதனால் வெள்ளையினப் பெண்களுக்குக் கண்ணோரச் சுருக்கங்கள் முன்னதாகவே வரும். மற்றவர்களுக்குப் பல ஆண்டுகள் தள்ளிப்போகும்.

அதற்காகக் கருஞ்சருமத்துக்கு சன்ஸ்கிரீன் வேண்டாம் என்பது பெரிய தவறு. அங்கே முதுமை கோடாக அல்ல, கருந்திட்டாகவும் கன்னச் சரிவாகவும் வரும். கிழக்காசியப் பெண்களுக்கும் பெரும்பாலும் சுருக்கத்துக்கு முன்பே புள்ளிகள் தெரியும்.

திட்டுகளைக் கண்ணுக்குத் தெரியும் ஒளியும் தூண்டுவதால், கருநிறத்தவருக்கு அயர்ன் ஆக்சைடு கலந்த நிறமுள்ள சன்ஸ்கிரீனே நல்லது. முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளம் எடுங்கள். வெயிலில் இருந்தால் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை மீண்டும் பூசுங்கள். பலர் இதில் பாதிகூடப் பூசுவதில்லை, பலன் குறைவது அதனால்தான்.

சுருக்கத்தைக் குறைக்கப் பூசும் வைட்டமின் ஏ வகையான ரெட்டினாலைப் பயன்படுத்தினால் பட்டாணி அளவு, வாரம் 2 இரவு எனத் தொடங்குங்கள். அவசரப்பட்டால் தோல் எரிந்து சிவக்கும். கருஞ்சருமத்தில் அந்த எரிச்சலே மாதக்கணக்கில் மறையாத புதிய கருமையாகிவிடும். கர்ப்பக் காலத்தில் ரெட்டினால் கூடாது.