எதிரே எழும் பெரிய கடையும் நம் தெருவும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் தெருமுனையில் ஏற்கெனவே ஒரு வணிக வளாகம் உண்டு. இப்போது அதற்கு எதிரே ஐந்து மாடி ஜவுளிக்கடை வருகிறது. "நூறு கார் நிறுத்த இடம் விட்டிருக்கிறோம், நெரிசலே வராது" என்கிறார்கள். நம்பலாமா?
- வாசகி, திருச்சி

பதில்: நூறு இடம் என்பது பாதிக் கணக்குதான். உள்ளே போன கார் எவ்வளவு நேரம் நிற்கும் என்பது மீதிப் பாதி. முகூர்த்தப் புடவை எடுக்க வரும் குடும்பம் இரண்டு மணி நேரத்துக்குள் கிளம்பாது. அப்படியானால் நூறு இடத்தில் மணிக்கு 50 கார்தான் மாறும். சனிக்கிழமை மாலை மணிக்கு 70 கார் வந்தால், இடம் நிறைந்த பிறகு மணிக்கு 20 கார் வெளியே தேங்கும். காருக்கு 6 மீட்டர் வைத்தால் 120 மீட்டர் வரிசை. அது நிற்கப்போவது உங்கள் வீட்டு வாசல்களில்தான்.

இடம் காலியாக இருக்கும்போதும் வாசலில் அடைப்பு வரும். டோக்கன் மட்டும் கொடுத்தால் காருக்கு 15 விநாடி, அதாவது மணிக்கு 240 கார் நுழையலாம். அங்கேயே காசு வாங்கிச் சில்லறையும் கொடுத்தால் 45 விநாடி ஆகிவிடும். மணிக்கு 80 கார்தான். எனவே கட்டணத்தை வெளியேறும்போது வாங்க வேண்டும். டோக்கன் கொடுக்குமிடம் வாசலிலிருந்து 30 மீட்டராவது உள்ளே தள்ளி இருக்க வேண்டும். ஐந்து கார் வரிசை மனைக்குள்ளேயே அடங்கும். கடையின் கட்டட வரைபடத்தில் முதலில் இதைத்தான் பாருங்கள்.

சாலை தாங்குமா என்பதையும் நீங்களே எண்ணிப் பார்க்கலாம். சனி மாலை ஆறிலிருந்து ஏழு வரை இரண்டு திசையிலும் போகும் வண்டிகளை வகை பிரித்துக் குறியுங்கள். 600 டூவீலர், 200 கார், 100 ஆட்டோ, 20 பஸ் என்று வைத்துக்கொள்வோம். சாலைப் பொறியாளர்களின் அமைப்பான இந்திய சாலைக் காங்கிரஸின் 1990 வழிகாட்டி (ஐஆர்சி 106) எல்லா வண்டியையும் கார் கணக்குக்கு மாற்றுகிறது. வண்டிகள் இந்த விகிதத்தில் கலந்திருந்தால் டூவீலருக்கு 0.75, ஆட்டோவுக்கு 2, பஸ்ஸுக்கு 2.2. மொத்தம் 894 வருகிறது. அதே வழிகாட்டிப்படி, இருவழிப் போக்குவரத்துள்ள இரண்டு தடச் சாலையில் ஓரத்தில் வண்டி நிற்காவிட்டால் மணிக்கு 1,200 வரை போகலாம். ஓரத்தில் நிறுத்தி, குறுக்கேயும் வண்டிகள் புகுந்தால் 900தான். ஓரம் காலியாக இருந்தால் புதுக்கடைக்கு 306 மிச்சம். வண்டி நின்றால் வெறும் 6! கடையின் அளவைவிடச் சாலையோரம்தான் இங்கே முடிவு செய்கிறது.

கடைக்காரர் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. வளாகத்துக்கு வருகிறவர்களில் பலர் எதிரே உள்ள கடைக்கும் போவார்கள். அவர்களைப் புது வண்டியாக எண்ணக் கூடாது. ஆனால் அவர்கள் பையும் குழந்தையுமாகச் சாலையைக் கடப்பார்கள். நினைத்த இடத்தில் கடந்தால் வண்டிகள் நின்று நின்றுதான் போகும். சிக்னலோடு ஒரே கடக்குமிடம், இருபுறமும் தடுப்பு, இரண்டையும் திறப்புக்கு முன்பே கேளுங்கள்.

கேள்வி: கடைக்குப் பின்னால் இருக்கும் வீட்டு மனைகளையும் வாங்குகிறார்களாம். தடுக்க வழி உண்டா?
- வாசகர், தாம்பரம்

பதில்: முதலில் அந்த மனைகளின் சர்வே எண்ணையும் உட்பிரிவையும் எடுங்கள். மாஸ்டர் பிளானில் அவை எந்தப் பயன்பாட்டில் உள்ளன என்று சிஎம்டிஏவில் (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) பாருங்கள். சென்னைப் பெருநகருக்கு வெளியே என்றால் நகர் ஊரமைப்புத் துறை. குடியிருப்பு என்று இருந்தால், பெரிய கடை கட்ட நிலப் பயன்பாட்டை மாற்ற வேண்டும். அதற்கான அறிவிப்பு நாளிதழில் வரும். ஆட்சேபணைக் கெடுவும் அதிலேயே இருக்கும். அந்தக் கெடுவைத் தவறவிடாதீர்கள். "தொந்தரவாக இருக்கும்" என்று மட்டும் எழுதினால் எடுபடாது. தெருவின் அகலம், மேலே சொன்ன வண்டிக் கணக்கு, அருகில் பள்ளி இருந்தால் அது விடும் நேரம் என்று எழுதுங்கள். ஒரு மனை மாறிவிட்டால் அடுத்தவர் அதையே முன்னுதாரணமாகக் காட்டுவார். தியாகராய நகர் 1920களில் குடியிருப்பாக உருவான பகுதி. இன்று உஸ்மான் சாலையைப் பாருங்கள்.

கேள்வி: எங்கள் ஊர்க் கடையில் பார்க்கிங் தளத்தைக் கிடங்காக்கிவிட்டார்கள். யாரிடம் சொல்வது?
- வாசகர், ஈரோடு

பதில்: தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு, ஒப்புதல் பெற்ற வரைபடத்தின் நகலையும் நிறைவுச் சான்றின் நகலையும் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். வரைபடத்தில் ஒரு கார் இடம் 2.5 மீட்டருக்கு 5 மீட்டர் என்று கட்டம் கட்டமாக இருக்கும். அந்த இடத்தில் இப்போது பேல் கட்டுகள் அடுக்கியிருந்தால் தேதியோடு படம் எடுத்து, நகலையும் இணைத்து, திட்ட அனுமதி தந்த அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். 1971 நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 56, 57 பிரிவுகளைக் குறிப்பிடுங்கள். நகல் ஒன்று தீயணைப்புத் துறைக்கும் போகட்டும். கீழ்த்தளத்தில் துணிக் கட்டுகள் தீப்பிடித்தால் புகை முதலில் ஏறுவது படிக்கட்டு வழியாகத்தான்.