செயலியில் ஒன்றரை மீட்டர், கரையில் வேறு கதை

அன்புள்ள ஐயா,

குளச்சல் பக்கத்திலிருந்து வேலைக்காகத் தென்னாப்பிரிக்காவின் டர்பன் வந்தவன் நான், இப்போது உம்லாங்காவில் இருக்கிறோம். மகள் பள்ளித் தோழிகளோடு சேர்ந்து சர்ஃபிங் பழகிவிட்டாள். சனிக்கிழமை விடியுமுன் அவளை நார்த் பீச்சில் கொண்டுபோய் விடுவது என் வேலை. ஒரு வாரம் கைபேசியில் அலை முன்னறிவிப்புச் செயலி ஒன்றரை மீட்டர் அலை என்றது, போனால் கடல் குளம் மாதிரி கிடந்தது. அடுத்த வாரமும் அதே ஒன்றரை மீட்டர்தான். அன்று அலை அவளைப் புரட்டி எடுத்துவிட்டது. முன்பு ஒரு கட்டுரையில், செயலியைவிட வானிலை வரைபடத்தையே நம்புவதாக எழுதியிருந்தீர்கள். என்னைப் போன்றவனுக்கு அது புரியுமா? என் அப்பா வானத்தைப் பார்த்துத்தான் கட்டுமரம் இறக்குவார்.

ஆ., உம்லாங்கா

அன்புள்ள ஆ.,

செயலி இரண்டு வாரமும் சரியாகவே சொல்லியிருக்கும். மீட்டருக்குப் பக்கத்தில் நொடிக் கணக்கில் இன்னொரு எண் இருந்திருக்குமே, அதைப் பார்த்தீர்களா? ஓர் அலை முகட்டுக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளி அது. என்னைக் கேட்டால் மீட்டரைவிட அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

8 நொடி அலை பக்கத்தில் அடித்த காற்றில் பிறந்தது. ஆழ்கடலில் அதன் நீளம், அதாவது முகட்டுக்கு முகடு தூரம், சுமார் 100 மீட்டர். 15 நொடி அலைக்கு அது 350 மீட்டர். அலை தன் நீளத்தில் பாதி ஆழம்வரை தண்ணீரை அசைக்கும். ஆகவே நீண்ட அலை 175 மீட்டர் ஆழத்திலேயே தரையை உணரத் தொடங்கி, வேகம் குறைந்து, வளைந்து, கரைக்கு வரும்போது எழும்பி நிற்கும். நார்த் பீச்சுக்குத் தெற்கே பிளஃப் முனை மறைப்பாக நீட்டிக்கொண்டிருக்கிறது. தெற்கிலிருந்து வரும் குட்டை அலைகளில் பெரும்பகுதி அதைத் தாண்டி நேரே வடக்கே போய்விடும். நீண்ட அலை முனையைச் சுற்றி உள்ளே வளையும். உங்கள் முதல் சனிக்கிழமை குட்டை அலை, இரண்டாவது நீண்ட அலை என்பது என் ஊகம். பிளஃபின் வெளிப்பக்கம் கேவ் ராக்கில் அன்று பார்த்திருந்தால் இன்னும் பயந்திருப்பீர்கள்.

சரி, வரைபடத்துக்கு வருவோம். அதில் டர்பனைத் தேடாதீர்கள். நம் அலை பெரும்பாலும் கேப் டவுனுக்கும் தெற்கே, 40 முதல் 50 டிகிரி அட்சரேகைகளில் உருவாகிறது. அங்கே காற்றழுத்தத் தாழ்வுகள் மேற்கிலிருந்து கிழக்கே ஒன்றன்பின் ஒன்றாக ஓடிக்கொண்டே இருக்கும். இந்த அரைக்கோளத்தில் அவற்றைச் சுற்றிக் காற்று கடிகார முள் திசையில் வீசும். சம அழுத்தக் கோடுகள் நெருங்கியிருந்தால் காற்று பலமாக இருக்கும். இதெல்லாம் பள்ளிப் பாடம்தான்.

பலர் சறுக்குவது அடுத்த இடத்தில். நெருக்கமான கோடுகளோடு பெரிய தாழ்வு ஒன்றைக் கண்டதும் நாளைக்கு ராட்சத அலை என்று பலகையைத் தூக்கிவிடுகிறார்கள். அது கிழக்கே விரைந்து ஓடினால் அதன் காற்றும் கிழக்கைப் பார்த்தே தள்ளும், நமக்கு ஓரத்துச் சிதறல் மட்டுமே வரும். 2007 மே மாதம் தென்னாப்பிரிக்காவுக்குத் தெற்கே எழுந்த ஒரு புயலின் அலை 12ஆம் தேதி ரீயூனியன் தீவின் செயின்ட் பியர் துறைமுகத்தை அடித்தது, உயரம் 11 மீட்டர் வரை. அதோடு நிற்காமல் இந்தோனேசியக் கரை வரை போனது.

நமக்கு வேண்டியது வேறு மாதிரிப் படம். தாழ்வு நம் தென்கிழக்கே வந்து வேகம் குறைய வேண்டும், அதன் பின்னால் மேற்கிலிருந்து உயர் அழுத்தம் நெருக்க வேண்டும். அப்போது இரண்டுக்கும் நடுவே கோடுகள் தெற்கு வடக்காக நீளும், அந்த நீளம் முழுக்கக் காற்று நம் கரையை நோக்கி வீசும். எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம் அப்படி வீசுகிறது என்பதுதான் கேள்வி. 2007 மார்ச்சில் நம் கரையையே பெயர்த்த அலைகளும் தென்கிழக்கே நின்ற ஒரு தாழ்விலிருந்துதான் வந்தன. ரிச்சர்ட்ஸ் பேயில் பதிவான அலை உயரம் 8.5 மீட்டர். அமாவாசையை ஒட்டிய பெரிய ஓதமும் அன்று சேர்ந்துகொண்டது.

எப்போது வந்து சேரும் என்பதற்கு எளிய கணக்கு உண்டு. நொடியை ஒன்றரையால் பெருக்கினால் அலைக்கூட்டத்தின் வேகம் கடல் மைலில் கிடைக்கும். 15 நொடி என்றால் மணிக்கு இருபத்திரண்டரை கடல் மைல், அதாவது சுமார் 42 கிலோமீட்டர். 2000 கிலோமீட்டர் தள்ளிப் பிறந்தது இரண்டு நாளில் வரும். நீண்டவை முந்தி வரும் என்பதால், வெள்ளி மாலை கடல் அமைதியாகத் தெரிந்து நீண்ட இடைவெளியில் சின்னச் சின்னக் கோடுகள் மட்டும் வந்தால், சனிக்கிழமை மகளோடு கொஞ்சம் கவனமாக இருங்கள்.

அப்பாவைப் பற்றி எழுதியிருந்தீர்கள். காற்றுக்கு அவர் முறை இங்கேயும் செல்லும். கடலுக்குள் நீளும் பியர் பாலத்தில் தூண்டில் போடும் நம்மவர்கள் செயலியா பார்க்கிறார்கள்? குளிர்காலத்தில் மலைப்பக்கமிருந்து திடீரென்று வெக்கையாகக் காற்று அடித்தால், பின்னாலேயே தென்மேற்குக் காற்று வரும் என்று மூட்டை கட்டிவிடுவார்கள். வரைபடத்தில் அது கரையோரமாக நகர்ந்து வரும் ஒரு குட்டித் தாழ்வு. ஆனால் உங்கள் ஊர்க் கள்ளக்கடலுக்கு வானம் துப்புக் கொடுக்காது. காற்றே இல்லாத வெயில் நாளில் கடல் ஊருக்குள் ஏறுகிறதே, அதுவும் இதே தென்கடல் புயல்களின் வேலைதான், ஐந்தாறு நாள் பயணம் செய்து வருகிறது. 2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களைக் கொண்டுபோனதும் அப்படி ஒரு நாள்தான்.

தென்னாப்பிரிக்க வானிலைச் சேவையின் வரைபடம் தினமும் வருகிறது. செயலியை விட்டுவிடச் சொல்லவில்லை, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அப்புறம், ஜூன் ஜூலையில் சாளை மீன் வரத்து தொடங்கினால் சுறா வாரியம் சுறாவைத் தடுக்கப் போட்ட வலைகளை எடுத்துவிடும். அந்த நாட்களில் அலை எவ்வளவு அழகாக இருந்தாலும் மகளை இறங்க விடாதீர்கள்.