செங்டுவில் குடியேறுதல் – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

வணக்கம். சீனாவின் செங்டுவில் நீங்கள் குடியிருந்த காலத்தைப் பற்றி எழுதியவற்றை எல்லாம் படித்திருக்கிறேன். அதே ஊருக்கு நானும் வந்து சேர்வேன் என்று அப்போது நினைக்கவில்லை. கணவருக்கு இங்கே ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை. ஆகஸ்டில் வந்தோம். நகரின் தெற்கே, தியான்ஃபு நெடுஞ்சாலையை ஒட்டிய குடியிருப்பில் 19ஆவது மாடியில் வீடு. ஒரு மாத முன்பணம், மூன்று மாத வாடகை எல்லாம் மொத்தமாகக் கட்டி, வெளிநாட்டவர் செய்ய வேண்டிய காவல் நிலையப் பதிவையும் உடனே முடித்துவிட்டோம்.

வீட்டில் ஒரு குறையும் இல்லை. காய்கறி, குடிநீர், பால், மருந்து எதுவானாலும் கைப்பேசியில் சொன்னால் வாசலுக்கு வந்துவிடுகிறது. ஆனாலும் விடுதி அறையில் தங்கியிருக்கும் நினைப்பு இன்னும் போகவில்லை. லிஃப்டில் யாராவது ஏறினால் கைப்பேசியைப் பார்த்தபடி நின்றுகொள்கிறேன். ஏதாவது கேட்டுவிடுவார்களோ என்று பயம். சென்னையில் பள்ளி ஆசிரியையாக இருந்தவள் நான். நாள் முழுக்கப் பேசிக்கொண்டே இருந்தவள், இப்போது மாலையில் கணவர் வரும்வரை வாயைத் திறப்பதில்லை.

நகரின் இன்னொரு பகுதியில் சில இந்தியக் குடும்பங்கள் இருக்கிறார்களாம். அங்கே மாறிவிடலாம் என்கிறார் கணவர். மாறலாமா? இங்கே குளிர்காலம் பொல்லாதது என்கிறார்களே, அப்படியா?

சுதா

அன்புள்ள சுதா,

நாள் முழுக்கப் பேசிக்கொண்டிருந்த ஓர் ஆசிரியை வாய் திறக்காமல் இருக்கிறார் என்பதைப் படித்ததும் மனம் கனத்துவிட்டது. அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். வீடு மாறுவதை அப்புறம் பேசுவோம்.

குறையே இல்லை என்று நீங்கள் எழுதியிருக்கும் அந்த வசதியில்தான் எனக்குக் குறை தெரிகிறது. இன்றைய சீன நகரத்தில் கைப்பேசி ஒன்று கையில் இருந்தால், எந்த மனிதரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் ஆண்டுக்கணக்கில் காலம் தள்ளிவிடலாம். வேலைக்குப் போகிறவருக்கு அது பெரிய உதவி, ஏனென்றால் அவருக்கு அலுவலகத்தில் மனிதர்கள் இருக்கிறார்கள். பகல் முழுக்கத் தனியாக இருக்கும் உங்களை அதே உதவி வீட்டுக்குள்ளேயே உட்கார வைத்துவிடுகிறது. எல்லாவற்றையும் விடச் சொல்லவில்லை. கைப்பேசியில் காய்கறி வாங்குவதை மட்டும் நாளையிலிருந்து நிறுத்துங்கள்.

உங்கள் பகுதி புதிதாக எழுந்தது. அந்த உயரமான கட்டடங்களுக்கு நடுவே சந்தை எங்கே இருக்கப்போகிறது என்று தோன்றும். இருக்கிறது. காலை ஏழு மணிக்குக் குடியிருப்பின் வாசலில் நின்று பாருங்கள். சக்கரம் வைத்த துணிப்பையை இழுத்துக்கொண்டு வயதான பெண்கள் போவார்கள். அவர்கள் பின்னாலேயே போய்விடுங்கள்.

உள்ளே நுழைந்ததும் பாதிக் காய்கள் நமக்குத் தெரிந்தவையாக இருக்கும். பாகற்காய், காராமணி, வெண்பூசணி, சேப்பங்கிழங்கு, வரியில்லாத மழமழவென்ற பீர்க்கை. கீரையில் சிவப்புத் தண்டுக்கீரையும் கொடிப்பசலையும் அங்கே சாதாரணம். நீங்கள் போகும்போது அவற்றின் பருவம் முடியும் தறுவாயில் இருக்கும், கிடைத்தால் விடாதீர்கள். நவம்பர் பிறந்தால் பட்டாணிக் கொழுந்து வந்துவிடும். செங்டுக்காரர்களுக்கு அதன்மேல் உயிர். பூண்டு தட்டிப்போட்டு நம் கீரை வதக்குவதுபோல் வதக்கிப் பாருங்கள், சோற்றுக்கு அதற்கு மேல் ஒன்றும் வேண்டியிருக்காது. கறிவேப்பிலை, புளி, துவரம்பருப்பு ஆகியவற்றைச் சந்தையில் எதிர்பார்க்க வேண்டாம். பச்சைப்பயறு தாராளமாகக் கிடைக்கும். சமையலுக்கு அவ்வூரின் நாட்டு ரேப்சீட் எண்ணெயை வாங்குங்கள், அது கடுகு இனத்து விதையில் ஆட்டியது. நன்றாகப் புகைய விட்டுப் பச்சை வாடை போன பிறகு அடுப்பைத் தணித்து, அதன் பிறகு தாளியுங்கள்.

விலைப்பலகையில் எழுதியிருப்பது ஜின் கணக்கு. ஒரு ஜின் 500 கிராம். இது தெரியாமல் போனால் முதல் நாள் கிலோவுக்குக் கேட்டதாக நினைத்துப் பாதிக் காயோடு வருவீர்கள். கடைக்குக் கடை ஒரு சின்னப் பெட்டி தொங்கும். நீங்கள் பணம் அனுப்பியதும், இத்தனை யுவான் வந்தது என்று அது உரக்கச் சொல்லும். சீன எண்கள் என் காதில் ஏறியது அந்தப் பெட்டியால்தான். கைப்பேசியில் தொகையைக் கண்ணால் பார்க்கிறீர்கள், அடுத்த நொடியே அதே தொகையைக் காதால் கேட்கிறீர்கள். இதைவிட நல்ல பாடமுறை உண்டா? ஆசிரியையான உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

தினமும் ஒரே கடைக்குப் போங்கள். பக்கத்துக் கடையில் விலை குறைவாக இருந்தாலும் மாற வேண்டாம். நான் வாங்கிவந்த பெண்மணி, எடை போட்டு முடித்ததும் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் இரண்டு மூன்று தாள் வெங்காயத்தை ஒடித்துப் பைக்குள் செருகிவிடுவார். அதற்குக் காசு கிடையாது. அந்த ஊர் வழக்கம் அது. ஐம்பதைத் தாண்டிய பெண்களை ‘நியாங்நியாங்’ என்று கூப்பிடுங்கள். வெளிநாட்டுப் பெண் ஒருத்தி செங்டு இருக்கும் சிச்சுவான் மாகாணத்தின் பேச்சு வழக்கில் அப்படிக் கூப்பிட்டால் அவர்கள் முகம் மலர்ந்துவிடும். எங்கே வீடு, எத்தனை பிள்ளைகள், என்ன வாடகை என்று சரமாரியாகக் கேள்விகள் வரும். பாதிதான் புரியும். புரிந்த பாதிக்குப் பதில் சொல்லுங்கள்.

அடுத்தது குடியிருப்பின் வாசல். தண்ணீர் நிற்கும் நாள், லிஃப்ட் பழுதுபார்க்கும் நாள் எல்லாம் கட்டடத்தின் நுழைவாயிலில் காகிதத்தில் ஒட்டியிருக்கும். அதைப் படமெடுத்து மொழிபெயர்த்துக்கொள்ள முடியும் என்பது எனக்கும் தெரியும். ஆனால் காவலாளியிடம் காட்டிக் கேளுங்கள். அவர் தேதியை விரலால் தொட்டுக் காட்டி, வாளியில் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள் என்று சைகையில் சொல்வார். பார்சல்கள் வந்து சேரும் அட்டைப்பெட்டிகளைக் குப்பையில் வீசாமல், மடித்துக் கட்டி, அவற்றைச் சேகரிக்கும் முதியவர் கையில் கொடுங்கள். ஏறக்குறைய எல்லாக் குடியிருப்பிலும் அப்படி ஒருவர் உண்டு. அந்தச் சில்லறை வருமானம் அவருக்கு வேண்டியிருக்கிறது.

நீங்கள் ஆசிரியை என்று தெரிந்தால் பாட்டிகள் பேரப்பிள்ளைகளை உங்கள் பக்கம் தள்ளிவிடுவார்கள், ஆங்கிலம் பேசச் சொல்லி. தாராளமாகப் பேசுங்கள், பதிலுக்குச் சீனம் கற்றுக்கொள்ளுங்கள். காசு மட்டும் வாங்காதீர்கள். கணவரின் வேலையை ஒட்டிய குடும்ப விசாவில் இருப்பவர் சம்பளத்துக்குப் பாடம் எடுப்பது அங்கே சட்டவிரோத வேலை. இதில் எந்த நெளிவும் வேண்டாம்.

குளிரைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். பொல்லாததுதான். எண்ணைப் பார்த்தால் அச்சமாக இருக்காது. ஜனவரியில் சராசரி 6 டிகிரியை ஒட்டி நிற்கும், உறைநிலைக்கு இறங்குவது அரிது. ஆனால் சின்லிங் மலைக்கும் ஹுவாய் ஆற்றுக்கும் வடக்கே உள்ள நகரங்களில்தான் வீடுகளுக்கு மையக் குழாய்வழி வெப்பம் வரும். வடக்கே உள்ள சியான் நகரத்தில் நவம்பர் நடுவிலிருந்து மார்ச் நடுவரை வீட்டுக்குள் மெல்லிய சட்டையோடு இருப்பார்கள். செங்டு அந்தக் கோட்டுக்குத் தெற்கே இருக்கிறது. வெளியே என்ன குளிரோ அதே குளிர் வீட்டுக்குள்ளும் இருக்கும், அதோடு ஈரமும் சேர்ந்துகொள்ளும். ஏசியின் வெப்பம் கூரையோடு நின்றுவிடும், கால் சில்லிட்டே கிடக்கும். மின் படுக்கை விரிப்பு ஒன்று வாங்கி, படுப்பதற்கு அரை மணி முன்பே போட்டுவையுங்கள். இட்லி மாவுப் பாத்திரத்தைத் துண்டில் சுற்றி அதன்மேல் வைத்தால் மாவும் பொங்கும், நாங்கள் அப்படித்தான் சமாளித்தோம்.

மேகம் விலகாத ஊர் அது. சிச்சுவானில் நாய்கள் சூரியனைக் கண்டால் குரைக்கும் என்று சீனத்தில் பழைய சொலவடையே உண்டு. குளிர்காலத்தில் வெயில் அடிக்கும் நாளில் ஊரே வெளியே வந்துவிடும். உங்கள் குடியிருப்பிலும் உடற்பயிற்சிக் கம்பிகளிலும் செடி வரிசைகளிலும் மெத்தைகள் காயும், நாற்காலிகள் வெயில் பக்கம் நகரும், மாஜோங் விளையாட்டு மேசைகள் விரியும். அன்று நீங்களும் உங்கள் போர்வையைத் தூக்கிக்கொண்டு இறங்குங்கள். கம்பியில் இடம் பிடித்துத் தர நிச்சயம் யாராவது வருவார்கள்.

இதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. பயமுறுத்துகிறேன் என்று நினைக்காதீர்கள். 2008 மே 12 அன்று வென்ச்சுவான் நிலநடுக்கம் நிகழ்ந்த மாகாணம் சிச்சுவான். செங்டு பெருமளவு தப்பியது, ஆனால் ஊர் அதை மறக்கவில்லை. 2019 ஜூனில் அதே மாகாணத்தின் சாங்நிங்கில் நிலம் அதிர்ந்தபோது, அதிர்வு செங்டுவை எட்டுவதற்கு 61 வினாடி முன்பே எச்சரிக்கை வந்துவிட்டது. பல குடியிருப்புகளின் ஒலிபெருக்கிகள் வினாடிகளை ஒவ்வொன்றாக எண்ணின. அந்த எண்ணிக்கை சீனத்தில்தான் வரும். சந்தைப் பெட்டியில் நீங்கள் கேட்டுப் பழகும் அதே எண்கள். 19ஆவது மாடியில் இருப்பவர் அந்தச் சில வினாடிகளில் லிஃப்டை நோக்கி ஓடக் கூடாது, கனமான மேசைக்கடியில் போய்விட வேண்டும். அதிர்வு நின்ற பிறகு எந்தப் படிக்கட்டில் இறங்குவது, எந்தத் திறந்தவெளியில் கூடுவது என்பதைக் காவலாளியிடம் கேட்டு இந்த வாரமே தெரிந்துகொள்ளுங்கள். எதிர் வீட்டில் இருப்பவருக்கு உங்கள் முகம் தெரிந்திருக்க வேண்டும். அப்போதுதான் அந்த நேரத்தில் உங்கள் கதவைத் தட்டுவார்.

இனி வீடு மாறுவது. இப்போது வேண்டாம் என்பதே என் எண்ணம். ஒப்பந்தத்தைப் பாதியில் முறித்தால் முன்பணம் போய்விடும். புது வீட்டுக்குப் போன 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையப் பதிவை மறுபடி செய்ய வேண்டும். அவை சின்னத் தொல்லைகள். பெரிய காரணம் வேறு. இந்தியக் குடும்பங்களுக்கு அருகில் போனால் வெளியே போவதெல்லாம் அவர்களோடுதான் என்று ஆகிவிடும். சந்தைக்குக்கூட யாராவது கூட வந்தால்தான் போவீர்கள். அவர்களும் நிறுவன ஒப்பந்தத்தில் வந்தவர்கள், ஒப்பந்தம் முடிந்தால் கிளம்பிவிடுவார்கள். எங்களுக்கு நெருக்கமான இரண்டு குடும்பங்கள் அப்படித்தான் ஒரே கோடையில் ஊர் திரும்பின. அதற்குப் பிறகும் அந்த நகரத்தில் என்னை நிலைநிறுத்தியவர்கள் காய்க்கடைப் பெண்மணியும் எதிர் வீட்டுத் தம்பதியும்தான். இந்திய நண்பர்களை விட்டுவிடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை மெட்ரோவில் போய்ப் பாருங்கள், தீபாவளிக்கு வீட்டுக்கு அழையுங்கள்.

குளிர்காலத்தை இந்த வீட்டிலேயே கழித்துவிட்டு மார்ச்சில் எனக்கு எழுதுங்கள். அப்போதும் மாறத்தான் வேண்டும் என்று தோன்றினால், எந்தப் பகுதியில் எப்படிப்பட்ட வீடு என்று நானே விசாரித்துச் சொல்கிறேன். அங்கே எனக்கு இன்னும் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள்.

அன்புடன்,
அக்கா